பேட்டரிக் கடைப் போர்டில் ஒரு மூக்கு

எங்கள் தெருவில் என் மனைவியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "மூக்கு அக்கா கடை எங்கே?" என்று கேட்டால் மூன்று பேர் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். கார் பேட்டரி விற்று, மாட்டியும் கொடுக்கிற கடை. அதை ஒட்டிய தகர ஷெட் என்னுடையது. நான் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். அவள் கடைக்கும் நான்தான் எழுதினேன். இடது பக்கம் ஒரு பேட்டரி, வலது பக்கம் ஒரு பெரிய மூக்கு. நான் வரைந்ததிலேயே நல்ல மூக்கு அதுதான். தற்பெருமை இல்லை. பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒரு மாதம் நச்சரித்தார். வேறு மூக்கு வரைந்து கொடுத்தேனே தவிர இதைக் கொடுக்கவில்லை.

"இவ பொறக்கும்போதே மூக்குதான் முதல்ல எட்டிப் பார்த்துச்சு" என்பார் என் மாமியார். அடுத்த வீட்டுச் சண்டையிலிருந்து மச்சானின் சிகரெட் வரை அந்த மூக்குக்குத் தப்பியது எதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் நான் பெயின்ட் வேலை முடித்துப் பட்டறையிலிருந்து வந்தால் வாசலிலேயே நிறுத்துவாள். "டர்பன்டைன் நாத்தம் குடலைப் புரட்டுது. குளிச்சிட்டு உள்ள வாங்க." இருபது வருஷம் இதைக் கேட்டேன். என் சொந்த வீட்டில் எனக்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு குளியல்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பேட்டரி மொத்த வியாபாரியிடம் வாரண்டி அட்டை நிரப்பும் வேலையில் இருந்தாள். உட்கார்ந்து எழுதுகிற வேலை. அவளுக்கு உட்காருவது எப்போது பிடித்திருக்கிறது? உப்பியது, ஒழுகியது, வெடித்தது என்று பேட்டரியைத் திருப்பிக் கொண்டு வரும் மெக்கானிக்குகளை "எப்படி ஆச்சு?" என்று குடைவாள். மழுப்பினால் குனிந்து மோந்து பார்ப்பாள். "இது ஓவரா சார்ஜ் ஏறிக் கொதிச்சது. பேட்டரி மேல பழி போடாதீங்க" என்பாள். முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் சீட்டில் இருந்தால் அப்படியே திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். ஆறு வருஷம் அப்படிக் குடைந்து குடைந்து கற்றுக்கொண்டுதான் தனிக்கடை போட்டாள்.

அவள் வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் கழன்று ஒரு டம்ளருக்குள் போகும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதை மாற்றிச் செய்கிறவனைப் பார்த்தால் தெருவின் அந்தக் கோடியில் இருந்தாலும் இங்கிருந்தே திட்டுவாள். எல்லாம் முடிந்த பிறகு அவளுக்கென்றே ஒரு வழக்கம் உண்டு. பேட்டரி இருக்கும் இடத்தை மூடிவிட்டு இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிடுவாள். பிறகு திறந்து, குனிந்து, ஒருமுறை ஆழமாக மூச்சை இழுப்பாள். "சுத்தமா இருக்கு. எடுத்துட்டுப் போங்க." வாடிக்கையாளர்கள் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள். டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி அவள் முகத்தையே பார்ப்பார்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

காலை ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் அம்மா வந்தார். வயது ஐம்பத்தாறு. "வாழ்க்கை பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பார்த்தாச்சு, இனிமேயாவது ரோட்டைப் பார்க்கிறேன்" என்று ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர். இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே துணிக் கூரை, மடக்கி விட்டால் வானம். டாக்டர் குள்ளம் என்பதால் சீட்டில் ஒரு தலையணை உண்டு. அந்தக் காரை மெக்கானிக் கடைக்காரர்கள் இழுத்துத்தான் கொண்டு வந்தார்கள். பழைய பேட்டரி வயிறு உப்பிச் செத்திருந்தது.

இந்த மாதிரி கார்களில் பேட்டரி முன்னால் இருக்காது. எடை சமமாக இருக்க வேண்டும் என்று பின்னால் டிக்கிக்குள் வைத்திருப்பார்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி மூச்சு விடும் என்பாள் என் மனைவி. அந்த மூச்சில் வரும் வாயு மூடின டிக்கிக்குள் சேர்ந்தால் ஒரு பொறி போதும், டிக்கி மூடி வானத்துக்குப் போகும். அதனால் வாயு வெளியே போக ஒரு மெல்லிய ரப்பர் குழாய், வென்ட் டியூப், பேட்டரியின் பக்கவாட்டுத் துளையிலிருந்து காரின் அடிப்பக்கம் வரை போகும். துளையையும் குழாயையும் சேர்ப்பது விரல் நகம் அளவுக்கு வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. எல்போ என்பார்கள். பழைய பேட்டரியிலிருந்து அதைப் பிடுங்கிப் புதியதில் செருக வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

அன்று டாக்டருக்குப் பத்து மணிக்கு நோயாளிகள். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என் மனைவி பழையதைத் தூக்கும் நேரத்தில், "டிக்கி விளக்கும் எரியறதில்லம்மா, ராத்திரில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார். இவளுக்கு அந்த டாக்டரைப் பிடிக்கும். கடைக்குள் போய் ஒரு பல்பு எடுத்து வந்து சும்மாவே மாட்டிக் கொடுத்தாள். பிறகு புதுப் பேட்டரியை இறக்கி, பட்டியை இறுக்கி, இன்ஜினைப் போட்டு மீட்டரை வைத்துப் பார்த்தாள். "சார்ஜ் கொஞ்சம் அதிகமா ஏறுது டாக்டர். அதான் பழையது உப்பியிருக்கு. வர்ற வாரம் வண்டிய விட்டுட்டுப் போங்க, ரெகுலேட்டரைப் பார்க்கிறேன். டியூப் இருக்கு, அதுவரைக்கும் பயமில்ல." டிக்கியை மூடினாள். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தாள். குனிந்தாள், மூச்சை இழுத்தாள், நிமிர்ந்தாள்.

"சுத்தமா இருக்கு."

டாக்டர் பறந்தார்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் ஒரு லாண்டரிக் கடைப் போர்டில் 'ண்' எழுத்தின் சுழியில் இருந்தேன். சுழியில் இருக்கும்போது என்னை யாரும் கூப்பிடக் கூடாது, அது எங்கள் வீட்டுச் சட்டம். என் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். கையை விரித்தாள். உள்ளங்கையில் அந்த எல்போ.

"பழைய பேட்டரியெல்லாம் அடுக்கிட்டிருந்தேன். டாக்டரோட பேட்டரில இது அப்படியே இருக்கு" என்றாள். "டியூபை மாட்டலங்க. பல்பு மாட்டப் போனேன்ல, அதோட மறந்துட்டேன். வாயு பூரா டிக்கிக்குள்ளதான் போயிட்டிருக்கு."

"நீதான் மோந்து பார்த்தியே?" என்றேன்.

அவள் எல்போவை என் கையில் வைத்தாள். போனை எடுத்தாள். டாக்டர் ஊசி போடும்போதும் காரோட்டும்போதும் போனைத் தொட மாட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளினிக்குக்குப் போட்டாள். வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள்.

"டாக்டர் இப்பதான் கிளம்பினாங்க அக்கா. மூணு நாள் அவங்க அக்கா வீட்டுக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பெட்டிய ஜிப் மாத்தக் குடுத்திருந்தாங்க, அதை வாங்கிட்டு அப்படியே போறாங்க."

"மத்தியானம் வண்டிய எடுத்தாங்களா?"

"ஆமா அக்கா, ஊருக்கு வெளிய காலேஜ்ல கிளாஸ் எடுத்துட்டு வந்தாங்க. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் கொதித்த பேட்டரி. பெட்டியை எங்கே வைப்பார்? அந்தக் காரில் டிக்கியை விட்டால் இடம் கிடையாது. டிக்கியைத் திறந்தால் விளக்கு எரியும். புத்தம் புதுப் பல்பு, நாங்களே மாட்டியது.

"ஒண்ணும் ஆகாமக்கூடப் போகலாம்" என்றேன்.

"போகலாம்" என்றாள். "அதை நம்பிக்கிட்டு நான் இங்க உக்கார மாட்டேன். வண்டிய எடுங்க."

என் ஸ்கூட்டரை நான் ஓட்டுகிற விதம் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இரண்டாவது சிக்னல் வரை பொறுத்துப் பார்த்தாள். "இறங்குங்க, பின்னாடி உக்காருங்க" என்று அவளே வாங்கிக்கொண்டாள். ஸ்போர்ட்ஸ் காரை ஸ்கூட்டரில் துரத்திய கதை என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சாயங்கால நெரிசலில் நூறு குதிரைச் சக்தியும் ஒன்றுதான், ஒரு கழுதையும் ஒன்றுதான். கார்கள் நின்ற இடத்தில் நாங்கள் சந்து கண்டுபிடித்துப் போனோம். ஒரு கையில் கருவிப் பை, மறு கையில் எல்போவை இறுக்கிப் பிடித்தபடி, கடைசியாகச் சின்ன வயதில் பரீட்சைக்குப் போனபோது வேண்டிக்கொண்ட மாதிரி வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்போ விழுந்துவிட்டால் போய் என்ன பிரயோஜனம்?

பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பியதும் சிவப்புக் கார் தெரிந்தது. கூரை மடக்கியிருந்தது. டாக்டர் பின்பக்கம் சாவியோடு நின்றார். பக்கத்தில் பெட்டி. பெட்டி தைக்கிறவர் அதன் மேல் குனிந்து, தொங்கிய நைலான் நூல் நுனியைச் சுட்டு உருக்குவதற்கு லைட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் தேய்ப்பில் அது பற்றவில்லை.

என் மனைவி ஸ்கூட்டரை நிறுத்தவில்லை, என்னிடம் அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். நானும் ஸ்கூட்டரும் ஒரு விளக்குக் கம்பத்தில் போய்ச் சாய்ந்தோம்.

"அண்ணே, லைட்டரைப் பையில போடுங்க. டாக்டர், சாவியத் திருப்பாதீங்க. ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வாங்க."

கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். லைட்டர் பைக்குள் போனது. டாக்டர் நான்கு அடி தள்ளி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

நான் மூச்சிரைக்க வந்து அவள் காதருகே, "ரெகுலேட்டர் செக் பண்ண வந்தோம்னு சொல்லிடு. எல்போவை மாட்டிட்டு வந்துடலாம்" என்றேன். என் யோசனையில் தப்பு எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. ஆபத்து நீங்கினால் போதாதா? பெயர் கெடாமல் இருக்கட்டுமே. அந்த மூக்குதான் அவள் கடை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தப்பு என்னோடது டாக்டர். பேட்டரிலருந்து வாயு வெளிய போற டியூபை மாட்டாம விட்டுட்டேன். டிக்கிக்குள்ள வாயு சேர்ந்திருக்கும். தொறந்தா விளக்கு எரியும், அந்த சுவிட்ச்ல வர்ற பொறியே போதும்."

டாக்டர் டிக்கியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "காலைல என் கண்ணு முன்னாடி மோந்து பார்த்தியே. சுத்தமா இருக்குன்னு சொன்னியே?"

"எனக்கு வாடை தெரியாது டாக்டர். காய்ச்சல் வந்து எட்டு மாசமாச்சு. அதுலருந்து எதுவும் தெரியறதில்ல. குனிஞ்சு மூச்சு இழுத்தது சும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணிட்டிருக்கேன்."

எட்டு மாதம். நான் அங்கேயே நின்றேன். எனக்கே தெரியாது. எட்டு மாதமாக அவள் என்னை வாசலில் நிறுத்தவில்லை. டர்பன்டைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேராக உள்ளே போனேன், கட்டிலில் உட்கார்ந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு ஒருவழியாக என்னை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, மச்சானிடம்கூடப் பெருமை அடித்தேன். அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தபோது அவள் பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். கூடவே படுத்துத் தூங்குகிறவனுக்கு இது தெரியவில்லை என்றால் நான் என்ன மனிதன் என்று நடுத்தெருவில் வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட நேரம் இல்லை. அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். வளையலும் மோதிரமும் என் சட்டைப் பைக்குள் வந்தன. டிக்கி விளக்கின் ஃபியூஸை முதலில் எடுக்க வேண்டும். அது ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது. கதவைத் திறந்தால் உள்விளக்கும் எரியும் என்பதால் கதவைத் தொடாமல் திறந்த கூரை வழியாகத் தலைகீழாக இறங்கினாள். கால் இரண்டும் வானத்தில். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். ஃபியூஸோடு நிமிர்ந்தாள். எல்லோரையும் இன்னும் தள்ளி நிற்க வைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, டிக்கியை மெல்லத் திறந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காற்றில் அழுகின முட்டை மாதிரி ஒரு நெடி வந்து எங்கள் எல்லோர் மூக்கையும் பொத்த வைத்தது. பெட்டி தைக்கிறவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். அத்தனை பேரிலும் மூக்கைப் பொத்தாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். சுற்றிப் பார்த்தாள். எங்கள் கைகளைப் பார்த்துத்தான் அவளுக்கு எவ்வளவு சேர்ந்திருந்தது என்று தெரிந்தது. அப்போது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

கால் மணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை. நெடி போன பிறகு மைனஸைக் கழற்றினாள். டிக்கி விரிப்புக்கு அடியில் சுருண்டு கிடந்த டியூபை இழுத்து, எல்போவைச் செருகி, பேட்டரியின் துளையில் அழுத்தினாள். பேட்டரியின் மறுபக்கம் உள்ள இன்னொரு துளை வாயு கசியாமல் அடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு டியூபுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க எல்போவை மறுபடி எடுத்தாள்.

"என்னங்க, வண்டிக்கு அடில படுங்க. டியூப் முனை தெரியுதா? விரலை வைங்க."

நான் படுத்தேன். அவள் மேலிருந்து ஒரு சின்ன ரப்பர்ப் பந்தை வைத்து டியூபுக்குள் காற்றை அழுத்தினாள்.

"வருதா?"

"வருது."

"நிஜமாவா?"

"விரல்ல படுதும்மா. வருது."

எல்போ துளையில் உட்கார்ந்தது. மைனஸ் கடைசியாக ஏறியது. டாக்டர் கிட்டே வந்தார். கைப்பையை என் கையில் திணித்தார். "அதைத் திரும்பக் கழட்டு. நானே பார்க்கணும்" என்றார். நல்ல உடுப்போடு, அந்த அழுக்குத் தெருவில், ஐம்பத்தாறு வயதில் முட்டி போட்டுக் குனிந்து காருக்கு அடியில் கையை விட்டார். என் மனைவி முறையாக மைனஸிலிருந்து மறுபடி ஆரம்பித்து, டியூபைக் கழற்றி, பந்தை அழுத்தினாள். டாக்டர் கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"வாசம் தெரியலன்னா சொல்லியிருக்கலாமே. நான் மோந்து பார்த்திருப்பேன்ல."

"அதுவும் போதாது டாக்டர். வெடிக்கிற வாயுவுக்கு வாடையே கிடையாது. கூட வர்ற நெடியத்தான் நான் இத்தனை வருஷமா மோந்தேன். மூக்கு கடைசில பார்த்துக்கும்னு ஒரு தைரியம். மூக்கு போனப்பவே வேலை செய்யற விதத்தை மாத்தியிருக்கணும். மாத்தல. சொன்னா யாரும் வர மாட்டாங்கன்னு பயந்துட்டேன்."

டாக்டர் சாவியை நீட்டினார். "வண்டிய எடுத்துட்டுப் போ. ரெகுலேட்டரைச் சரி பண்ணாம எனக்கு வேண்டாம். நான் பஸ்ல போறேன்." பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு அடி போனவர் நின்றார். "மன்னிச்சிட்டேன்னு அர்த்தமில்ல."

"தெரியும் டாக்டர்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றேன். "உங்ககிட்ட சொன்னா நீங்க பாவம் பார்ப்பீங்க. பாவம் பார்த்தா நான் அழுவேன். அழுதுட்டு எப்படிக் கடை நடத்தறது?" என்றாள். பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். மறுநாள், காய்ச்சலுக்குப் பிறகான அந்த எட்டு மாதத்தில் பேட்டரி மாட்டிப்போன கார்களில் டிக்கியில் பேட்டரி உள்ளவை எத்தனை என்று வாரண்டி அட்டைகளைப் புரட்டினாள். பதினொன்று. பதினொரு பேரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, ஒவ்வொரு காராக டியூபைப் பார்த்தாள். பத்து சரியாக இருந்தன. ஒன்றில் முனையில் சேறு அடைத்திருந்தது. மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், இன்னும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் ஷெட்டுக்கு வந்தாள். "போர்டுல மூக்கை அழிச்சிடுங்க."

"அது நல்ல மூக்குடி."

"நல்ல மூக்குதான். என்னோடது இல்ல."

இறக்கினேன். மூக்கின் மேல் வெள்ளை அடிக்கும்போது கை ஓடவில்லை. அவள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்ததை அந்த இடத்தில் எழுதினேன். 'இங்கே பேட்டரி மாட்டுபவருக்கு வாடை தெரியாது. வென்ட் டியூபில் காற்று வருவதை உங்கள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கவும்.' இப்படி ஒரு போர்டை நான் என் தொழிலில் எழுதியதில்லை. வெளியூரிலிருந்து ரெகுலேட்டர் வந்துசேர மூன்று வாரம் ஆகியிருந்தது; அதை மாற்றிய காரை அன்று வாங்க வந்த டாக்டர், ஈரம் காயாத எழுத்துகளை இடுப்பில் கைவைத்து நின்று படித்தார். முட்டி போட்டார், விரலை வைத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

போர்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். உடம்பெல்லாம் டர்பன்டைன். வாசலிலேயே நின்றேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"ஒரு தடவை திட்டு. நாத்தம் குடலைப் புரட்டுதுன்னு சொல்லு. கேட்டு ரொம்ப நாளாச்சு."

கிட்டே வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து முகத்தருகே இழுத்தாள். மூச்சை இழுத்தாள். விட்டாள்.

"தெரியலங்க" என்றாள். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

பிறகு என் கையைப் புரட்டிப் பார்த்தாள். "ஆனா கையெல்லாம் வெள்ளைப் பெயின்ட். அது கண்ணுக்குத் தெரியுது. போய்க் குளிச்சிட்டு உள்ள வாங்க."